விதர்கோம் கவுன்சிலின் கடைசித் தீர்மானம்

எண்பது வருஷம் நடந்த விதர்கோம் ஊரகக் கவுன்சிலை 1974 மார்ச்சோடு கலைத்துவிடுவதென்று லண்டனில் முடிவாகியிருந்தது. இருபத்தேழு ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த கவுன்சில் அது. இனி எல்லாம் பதினெட்டு மைல் தள்ளியிருந்த நகரத்தின் கையில். அலுவலகமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டு வசதிப் பிரிவு எழுத்தர் ஹில்டா பென்ஃபோல்டுக்கு மட்டும் ஒரு கோப்பை மூட மனம் வரவில்லை.

நெதர் ஆஷ் கிராமத்துப் பண்ணையாட்களுக்கு அங்கிருந்த ஒரு வயலில் ஆறு வீடு கட்டும் திட்டம் அது. அந்த ஊர் உறுப்பினர் ஆம்ப்ரோஸ் டாப்லி பதினோரு வருஷமாக அதற்குத் தலையாட்டவில்லை. தன் ஜன்னலுக்கு எதிரே வீடுகள் வருவது பிடிக்காமல்தான் மனுஷர் முரண்டு பிடிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஹில்டா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பண்ணைக்கே போனாள். கொட்டகையில் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவள் கையிலும் ஒரு குட்டியைத் திணித்தார்.

"அடுத்த மாசத்திலேருந்து முடிவு பண்ணப்போறவங்க இந்த ஊர்ல காலே வச்சிருக்க மாட்டாங்க, மிஸ்டர் டாப்லி. ஆறு கட்டுவாங்களோ அறுபது கட்டுவாங்களோ."

"மிரட்டுறீங்களா, மிஸ் பென்ஃபோல்ட்?"

"ஆமா."

கிழவர் சிரித்துவிட்டார்.

"அந்த வயல்ல கட்டினா ஜனவரி மழையில சமையலறைக்குள்ள வாத்து நீந்தும். ஏன் வேணாங்கறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஹில்டாவுக்கு முகம் சிவந்தது. அவளும் கேட்டதில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"கேக்காதவங்ககிட்ட போய்ச் சொல்ற பழக்கம் எனக்கில்ல."

பிறகு அவளை மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு அழைத்துப்போனார். அவருடைய சொந்த நிலம். எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காது. "இங்க கட்டுங்க," என்றார்.

கடைசிக் கூட்டத்தில் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதற்குப் பிறகுதான் தேநீரும் கேக்கும் வந்தன. புதிய கவுன்சிலும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

மறுவருஷ இலையுதிர் காலத்தில், நகர அலுவலகத்துக்கு மாறியிருந்த ஹில்டா சாவிகளைக் கொடுக்க வந்தாள். முதல் வீடு மாட்டுக்காரர் லென் ஆர்ச்சர்டின் குடும்பத்துக்கு. அவர் மனைவி டோரீன் குழாயைத் திறந்து, வெந்நீர் வரும்வரை விரலை அடியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வந்ததும் ஹில்டாவைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஹில்டா அன்று பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை. அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தாள்.