ஆனந்தபாய் மாமியின் கடைவாய்ப்பல்

பல் டாக்டர் சஜனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதி இல்லை. தனுவச்சபுரம் ஜங்ஷனில் கிளினிக் திறந்து, ஊர்க்காரர்களின் வாய்க்கெல்லாம் அவன் கை பழகிய பிறகு, கூடப் படித்த லிஜா எதிர்வரிசையிலேயே வந்து போர்டு மாட்டினாள். அவள் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். போதாக்குறைக்கு இருவரும் ஒரே சர்ச் சபை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் டாக்டரை முற்றத்திலேயே பிடித்து நிறுத்தி வாயைப் பிளப்பார். சுற்றி நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு வாயைத் திறந்தது பாடகர் குழு ஆனந்தபாய் மாமி. சபையின் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகைக்குத் தனிப்பாட்டு அவளுக்குத்தான்.

"லிஜா சோதிச்சுப் பாத்துட்டு, இந்தப் பல்ல எடுத்தே ஆகணும்னு சொல்லுதா. நீ ஒண்ணு பாரு மக்கா."

லிஜா பேரைக் கேட்டதுமே சஜனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. எக்ஸ்ரே இல்லை, கருவி இல்லை. வெயில் வெளிச்சத்தில் கடைவாயை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

"இத எதுக்கு எடுக்கணும் மாமி? நான் காப்பாத்தித் தாறேன்."

சற்றுத் தள்ளி லிஜா நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகச் சொன்னான்.

மறுநாள் கிளினிக்கில் முறையாகச் சோதித்தான். ஈறோரம் விட்ட கருவி ஒரே இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கியது. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றிக் கறுப்பு. பல் வேர்வரை பிளந்திருந்தது. எடுப்பதைத் தவிர வழியில்லை. லிஜா சொன்னது அப்படியே சரி. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மாற்றிச் சொன்னால் அடுத்த ஞாயிறு முற்றம் முழுக்க அவள் புகழ்தான் ஓடும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பேசாமல் ரூட் கேனாலை ஆரம்பித்தான். மாமி அவனை நம்பி வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாமியின் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. சஜன் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். மாமி எதிர்வரிசைக்கு நடந்தாள். லிஜா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சீழை வடித்துப் பல்லை எடுத்தாள்.

பண்டிகையில் தனிப்பாட்டை வேறொருத்தி பாடினாள். ஆராதனை முடிந்ததும் நழுவப் பார்த்த சஜனை மாமி கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்றைக்கு மானம் போச்சு என்று நினைத்தான்.

"சங்கடப்படாத மக்கா. லிஜா எல்லாம் சொன்னா. ஒரு பல்ல காப்பாத்தப் பாக்குதது நல்ல டாக்டருக்க கொணமாக்கும்னு சொன்னா."

சுற்றி நின்றவர்கள் லிஜாவின் பெருந்தன்மையைப் பேசிக்கொண்டார்கள். அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தவளுக்கு, அவன் தெரிந்தேதான் செய்தான் என்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு பேர் முன்னால் நாறடித்திருந்தால்கூட அவளை வெறுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

இதுவரை அவள் வாசல் கூட்டத்தைப் பார்த்துத்தான் எரிந்தான். இன்றைக்கு அவள் மனசைப் பார்த்து எரிந்தான். கூட்டத்தையாவது என்றைக்காவது தன் பக்கம் இழுத்துவிடலாம்.