காடியில் ஒன்றும் இல்லை

இழுவை லாரி அந்தக் காரைப் பட்டறை வாசலில் இறக்கியபோது காலை மணி பதினொன்று. வலது பக்கக் கதவு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாயை மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மற்றபடி காருக்குப் பெரிய சேதம் ஒன்றுமில்லை. அந்தக் கதவைத் திறந்து இறங்கிய வாசுதான் போய்விட்டான். நான்கு மாதம் ஆகிறது.

பட்டறைக்காரர் சோமு துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். பதினோரு வருஷமாக அந்தக் காரைப் பார்த்தவர் அவர்தான். லாரியின் முன்னிருக்கையிலிருந்து வாசுவின் மனைவி சாந்தினி இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சரியில்லாமல் போயிற்று.

"எதுக்கும்மா இதப் போயி இங்க கொண்டாந்த? வித்துப்புடுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"விக்கத்தான் போறேன். அதுக்கு முன்னால என்னா கோளாறுன்னு தெரியணும்."

"காடியில ஒண்ணும் இல்லலா" என்றார் சோமு காரைக் காட்டி. "போலீஸ்காரன் சாவியப் போட்டதும் ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. நீயும்தானே பக்கத்துல நின்ன?"

நின்றாள். அந்த எஞ்சின் அப்படிச் சமர்த்தாகக் கிளம்பிய சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. புக்கிட் தெங்காவில் வேலை முடிந்து கெலுகோர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாசு, கடல் பாலத்தின் நடுவில், சாயங்கால நெரிசலில் காரை ஓரம் கட்டியிருக்கிறான். கதவைத் திறந்து இறங்கியபோது பின்னால் வந்த வேன் அடித்துவிட்டது. கையில் கைப்பேசி இருந்தது. அதில் சாந்தினியின் அழைப்பு, ஆறு ஐம்பத்திரண்டுக்கு, எடுக்கப்படாமல்.

அது போதுமானதாக இருந்தது எல்லோருக்கும். பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டு இலை போட்டிருக்கும்போது, வாசுவின் அக்கா யமுனா சொன்னாள்: "இவ போன் அடிச்சா. அத எடுக்கத்தான் எந்தம்பி நிப்பாட்டியிருக்கான்." ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சாந்தினியாலும் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கும் தெரியாது. கார் தானாக நின்றதா, தன் அழைப்புக்காக அவன் நிறுத்தினானா. நான்கு மாதமாக அவள் தூங்குவதும் எழுவதும் அந்த ஒரு கேள்வியோடுதான்.

ஆனால் கார் அதற்கு முன் மூன்று தடவை நின்றிருந்தது. மூன்று தடவையும் சோமு கணினியைச் செருகிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

சாந்தினிக்கு பத்துகாவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் மின்பலகைகளைச் சோதிப்பது. பதினாறு வருஷ அனுபவம். அங்கே படிவத்தில் 'கோளாறு இல்லை' என்று எழுத முடியாது. 'இன்னும் வெளிப்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பலகை எந்தச் சூட்டில், எந்த ஆட்டத்தில், எத்தனை மணி நேரம் ஓடியபின் கெட்டதோ, அதே நிலைமையை உண்டாக்கி அது மறுபடி கெடும்வரை விட மாட்டார்கள்.

"அண்ணே, மூணு தடவையும் காடியப் பாத்தது எப்போ?"

"மொத நாளு சாயங்காலம் விட்டுட்டுப் போவான். மறுநாள் காலையில பாப்பேன்."

"ராத்திரி பூரா ஆறிப்போனதுக்கு அப்புறம்."

"அதுக்கு?"

"அது நின்னதெல்லாம் வெயில் நாளு, சாயங்காலம், ஜாம்ல. பத்து நிமிஷம் கழிச்சு அதுவே ஸ்டார்ட் ஆயிரும்னு அவரு சொன்னாரா இல்லையா?"

சாந்தினி காரைக் கிளப்பச் சொன்னாள். பட்டறையின் இன்னொரு மெக்கானிக் அர்ஜுனன், ஐம்பது வயதுக்காரர், பழைய பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிக் கொடுத்தார். எஞ்சின் கிளம்பியது. பானெட்டை மூடி, நாற்பது நிமிடம் அப்படியே ஓடவிடச் சொன்னாள். தகரக் கூரையின் கீழ் அந்தச் சூட்டில் அவளும் நின்றாள். உட்கார நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தாள்.

"என்னாம்மா, முடி காய வெக்கவா இங்க வந்த?" என்றார் சோமு. அர்ஜுனன் சிரித்துவிட்டார்.

"ஆமா. உங்களுக்குத் தேவப்படாதுன்னுதான் ஒண்ணு மட்டும் கொண்டாந்தேன்."

சோமுவின் கை தன்னையறியாமல் வழுக்கைத் தலைக்குப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு சோதனை விளக்கை மாட்டச் சொன்னாள். பம்புக்கு மின்சாரம் போகும்வரை அது எரியும். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ரிலேக்கள் வரிசையாக, தீப்பெட்டியைப் பாதியாக்கிய அளவில் கறுப்புக் கட்டிகளாக உட்கார்ந்திருந்தன. பம்பு, ஹார்ன், காருக்குள் குளிரூட்டும் ஏர்கோன், ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தைத் திறந்து விடும் வாசல்கள் அவை. இடது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சூடேற்றினாள். முதலாவது, ஒன்றுமில்லை. இரண்டாவதும் ஒன்றுமில்லை.

மூன்றாவதில் அரை நிமிடம் ஆகியிருக்கும். விளக்கு அணைந்தது. இரண்டு விநாடி ஓடிய எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

கணினியைச் செருகிப் பார்க்கச் சொன்னாள். கோளாறு எதுவும் இல்லை என்றது அது.

"பாத்தீங்களாண்ணே. ஒண்ணும் இல்லயாம்."

சாவியைத் திருப்பினார் அர்ஜுனன். எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை. காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்துத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, எஞ்சின் ஒரே அடியில் கிளம்பியது, போலீஸ்காரனுக்குக் கிளம்பியது போலவே.

ஆக, கார்தான் நின்றது. அவள் அழைப்புக்காக அவன் நிறுத்தவில்லை. சாந்தினி எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. அது வர வேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்து நிறைந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு அந்த ரிலேயைப் பிடுங்கினாள். பக்கவாட்டில், வெள்ளைத் திருத்த மையில், ஒரு பெருக்கல் குறி. அடுத்திருந்த ரிலே அதே கம்பெனி, அதே எண். அதில் குறி இல்லை.

"இந்தக் குறிய யாரு போட்டது?"

சோமு ரிலேயைப் பார்த்தார். பிறகு அர்ஜுனனைப் பார்த்தார். சோமுவுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு" என்றார் மெல்ல.

"நான் கேட்டது வேற. யாரு போட்டது?"

"நான்தான்மா. மூணாவது தடவ நின்னப்ப இது மேல ஒரு சந்தேகம். உறுதி இல்ல. பக்கத்து ஏர்கோன் ரிலேயும் இதே மாதிரிதான். அதனால இதுல குறி போட்டு, ரெண்டையும் எடம் மாத்திப் போட்டு விட்டேன். இது கெட்டதா இருந்தா இனிமே ஏர்கோன்தானே நிக்கும், எஞ்சின் நிக்காதுன்னு. பட்டறையில எல்லா ஃபோமனும் செய்றதுதான்."

"புதுசு ஒண்ணு போட்டிருக்கலாமே."

"உறுதி பண்ணிட்டுப் போடலாம்னு..."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் கார் நிற்கவில்லை. ஏர்கோன்தான் நெரிசலில் நின்று நின்று போயிற்று. புழுங்குகிறது, இதைக்கூடப் பார்க்க மாட்டீர்களா என்று சாந்தினிதான் வாசுவைத் தினமும் நச்சரித்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை வாசு இங்கே வந்தான். சோமு ஒரு கல்யாணத்துக்காக சுங்கை பட்டாணி போயிருந்தார்.

அர்ஜுனன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு நான்தான்மா பாத்தேன். ஏர்கோன் அப்பப்ப நிக்குதுன்னாரு. பக்கத்துல இருந்த ரிலேயோட மாத்திப் போட்டேன். நல்லா ஜில்லுன்னு வந்துச்சு. ரொம்ப சந்தோஷமாப் போனாரு."

"இந்தக் குறியப் பாக்கலையா?"

"பாத்தேன். ஹாஃப்-கட் சாமான்ல எல்லாம் இப்படித்தான் கிறுக்கி வரும், அதுன்னு நெனச்சேன்."

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களிலிருந்து எடுத்த உதிரிகள் அந்தப் பட்டறையின் பாதிச் சுவரை அடைத்திருந்தன. எல்லாவற்றிலும் யாரோ எதையோ எழுதித்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை மாற்றினார், கெட்ட ரிலே மறுபடி பம்புக்கே வந்துவிட்டது. திங்கட்கிழமை வாசு செத்தான்.

"கெட்டதுன்னு சந்தேகப்பட்டு ஒரு குறி போடத் தெரிஞ்சுதுல்ல உங்களுக்கு" என்றாள் சாந்தினி. குரல் உயரவில்லை. "அந்தக் குறிக்கு என்னா அர்த்தம்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கூட வேல செய்ற மனுஷனுக்குத் தெரியாது. காடி ஓட்றவருக்குத் தெரியாது. நீங்க கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்ட்டீங்க. எழுதி வெக்க ஒரு துண்டுப் பேப்பர் கெடைக்கலையா இந்தப் பட்டறையில?"

"கால்ல விழறேன்மா. வாசு எனக்கு..."

"அவரு உங்களுக்கு என்னான்னு சொல்லாதீங்க. யமுனா அண்ணிக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. இப்ப எங்கிட்ட சொன்னதச் சொல்லுங்க."

சோமு போட்டார். தட்டுத் தடுமாறி, இரண்டு இடத்தில் சாந்தினி திருத்த, முழுதும் சொன்னார். பிறகு யமுனாவின் குரல் வந்தது.

"அப்ப, அந்த ஏர்கோன ரிப்பேர் பண்ணச் சொன்னது யாரு?"

சாந்தினி கைப்பேசியைச் சோமுவின் கையிலிருந்து வாங்கினாள்.

"நான்தான் அண்ணி. வேர்த்துச்சு, சொன்னேன். இன்னும் எம்மேல போடறதுக்கு என்னா இருக்குன்னு தேடிக்கிட்டே இருங்க. ஆனா அவரு என் போன எடுக்க நிப்பாட்டல. காடி நின்னு போச்சு. இலையில உக்காந்திருந்த அத்தன பேருகிட்டயும் அன்னைக்குச் சொன்னீங்கள்ல, ஒருத்தர் விடாம இதையும் நீங்களே சொல்லணும். சொல்லலன்னா நான் ஒவ்வொரு வீடா ஏறி எறங்குவேன்."

பதிலுக்குக் காத்திராமல் துண்டித்தாள். ரிலேயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, மேசையில் கிடந்த பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தைச் சோமுவின் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. போலீஸ்ல குடுக்கணும்."

"தெரியாம நடந்துபோச்சுன்னு போடட்டுமாம்மா?"

"நடந்தத மட்டும் எழுதுங்க."

சோமு எழுதினார். தேதி, மூன்றாம் தடவை நின்றது, சந்தேகப்பட்டது, மாற்றியது. அர்ஜுனன் கீழே தன் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத் திரும்ப நீட்டினாள்.

"ஒரு வரி விட்டுட்டீங்க."

"எல்லாம் எழுதிட்டேனே."

"வாசுவிடம் சொல்லவில்லை. அத எழுதுங்க."

சோமுவின் கை நின்றது. வெளியே இழுவை லாரிக்காரன் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எழுதும்வரை அங்கேயே நின்றாள்.