ஒருசந்தி மாத்திரைகள்

சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசிலிருந்து வந்த அம்மாவைப் பார்த்ததும் டோரதிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"மறுபடியும் தலை சுத்துதா?"

"ஒருசந்தி இருக்கேன்லா. வயிறு காலியா இருந்தா சுத்தத்தான் செய்யும்" என்றாள் மார்த்தா. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளா வெளிக்குத் தார் மாதிரி கருப்பாப் போகுதுடி. உள்ள இருக்கற பாவத்தையெல்லாம் அன்னம்மா கழுவி விடுறா."

டோரதி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

மறுநாள் புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் புறப்பட வேண்டும். பினாங்கிலிருந்து கப்பலேறி, அக்கரையில் பாகான் துறையில் இறங்கி, அங்கிருந்து கோயில்வரை நடந்தே போக வேண்டும். அதற்காக அம்மா எட்டு நாளாக ஒருசந்தி இருந்தாள். பொழுது சாய்ந்தபின் ஒருவேளைக் கஞ்சி மட்டும். சலவைக் கடையில் கரி இஸ்திரிப் பெட்டியோடு நின்று நின்று அவளுடைய முழங்கால்கள் இரண்டும் பல வருஷமாகத் தேங்காய்போல வீங்கிக் கிடந்தன. இந்த எட்டு நாளில் மட்டும் வீக்கம் வற்றி, வலி போய், சின்னப் பெண்போல நடந்தாள். அன்னம்மாள் செய்த புதுமை என்று டோரதியும் நம்பியிருந்தாள்.

நம்பியதை நினைத்தபோது எரிச்சலாக வந்தது. அம்மாவின் தலையணையை இழுத்தாள். அடியில் காகிதப் பொட்டலங்கள் இருந்தன. மூலையை உள்ளே சொருகி மடித்த மடிப்பு. அது டோரதியின் கைமடிப்பு. பினாங்கு வீதியில் பாக்கியநாதனின் மருந்துக்கடையில் காலைமுதல் மாலைவரை அவள் மடிக்கிற ஆஸ்பிரின் பொட்டலம்.

"யாரு குடுத்தா?"

"மொதலாளிதான். காலையில நாலு, ராத்திரி நாலு. மருந்தால ஒருசந்தி முறியாதுன்னு சொன்னாரு. வெறும் வயித்துல போட்டா சுருக்கா வேலை செய்யுமாம்."

"அவருக்கு என்ன உன் கால்மேல அவ்வளவு அக்கறை?"

மார்த்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் சொன்னாள். போன வருஷம் பாக்கியநாதனின் மகனுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஒன்பது நாள் ஒருசந்தி இருந்து பாகானிலிருந்து நடந்தே வருகிறேன் என்று அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டான். அவருக்குத்தான் நடக்க முடியவில்லை. தனக்குப் பதிலாக ஒருசந்தி இருந்து நடக்கச் சொல்லி மார்த்தாவைக் கேட்டார்.

"உனக்கு வேலை போட்டுக் குடுத்த மனுஷன்டி. எப்படி மாட்டேன்னு சொல்ல?"

டோரதிக்குக் காது சூடேறியது. பட்டினி அவர் நேர்ந்தது, நடை அவர் நேர்ந்தது, நோவு மட்டும் அம்மாவுக்கா? எழுந்து பக்கத்துச் சந்துக்கு ஓடினாள். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவும் டிரஸ்ஸர் அப்துல் ரசாக் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அவர் வந்து மார்த்தாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம்போல வெளுத்திருந்தது. வயிற்றை அழுத்தியதும் அவள் முனகினாள். பொட்டலங்களைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"நல்ல மருந்துதான் தங்கச்சி. காய்ச்சலை இறக்கும், தலைவலியை எடுக்கும், மூட்டு வீக்கத்தை வத்த வைக்கும். எங்க வார்டுல தினம் குடுக்கறோம். ஆனா வயித்துல சோறு இருக்கணும். காலி வயித்துல தினம் எட்டுன்னு போட்டா அது வயித்தையே அரிக்கும்." மார்த்தாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, கருப்பாப் போறது பாவம் இல்ல. ரத்தம்."

"நாளைக்கு நடந்துட்டு வந்து படுத்துக்கறேன் தம்பி."

"நாளைக்கு நடந்தா அங்கேயே படுத்துருவீங்க."

ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மார்த்தா வாந்தி எடுத்தாள். கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. ரிக்ஷாக்காரச் சீனர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓட்டம் பிடித்தார். டோரதி அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். எத்தனை ஆயிரம் பொட்டலம் மடித்திருப்பாள்! ஜெட்டித் துறையில் மூட்டை சுமக்கும் கூலிகளுக்கு இடுப்பு வலிக்கு, கணக்கெழுதும் கிராணிமார்களுக்குத் தலைவலிக்கு, காய்ச்சல்காரர்களுக்கு. சாப்பிட்டீர்களா என்று ஒருவரைக்கூட அவள் கேட்டதில்லை. அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது.

இரவு முழுவதும் இழுபறி. விடிகிற நேரத்தில், இரத்தம் நின்றுவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று ரசாக் வந்து சொன்னார். கண் விழித்த மார்த்தா மகளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கெடுத்துட்டியே."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டோரதி நேராகக் கடைக்குப் போனாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் பாக்கியநாதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாசற்படியில் ஜெட்டிக் கூலி நல்லமுத்து குந்தியிருந்தார். அவர் கையில் ஒரு நீண்ட மெழுகுவத்தி. மடியில் ஒரு பொட்டலம்.

"கேள்விப்பட்டேன் டோரதி. பாவம் மார்த்தா" என்றார் பாக்கியநாதன். "ஜெபம் பண்றேன். நேர்ச்சை மட்டும் நிக்கக்கூடாது. நல்லவேளை, இவன் ஒத்துக்கிட்டான்."

அவள் நல்லமுத்துவைப் பார்த்தாள். "அண்ணே, என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரிலேர்ந்து தண்ணிதான்மா. பட்டினியா நடக்கணுமாம்ல? எனக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான். இடுப்புதான் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு ஐயா இதைக் குடுத்தாரு."

டோரதி குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்து, வெள்ளை மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள்.

"ஏய்! என்ன திமிரு!"

"எங்கம்மா ரத்தமா வாந்தி எடுத்தாங்க மொதலாளி. அதுக்கு மறுநாளே இன்னொரு ஆளா? சடங்குக்கு ஆடு பிடிக்கற மாதிரியா பிடிக்கறீங்க?"

"மெதுவாப் பேசு. தெருவுல ஆளுங்க இருக்காங்க."

"கேக்கட்டும். புள்ள உங்களுது, நேர்ச்சை உங்களுது. நீங்க நடங்க."

பாக்கியநாதன் தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். அவருடைய குரல் திடீரென்று உடைந்தது. "நான் பாதி வழிகூடப் போக மாட்டேன்லா. போகாம விட்டா அவனுக்குக் காய்ச்சல் திரும்ப வந்துருமே. உனக்கென்ன தெரியும், நான் அந்த ராத்திரிகளை எப்படிக் கழிச்சேன்னு?"

ஒரு கணம் அவள் இரங்கினாள். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, பயந்துபோயிருந்தார். ஆனால் வெளுத்துப்போன அம்மாவின் கண்ணிமை நினைவுக்கு வந்தது.

"நேத்து ராத்திரியை நான் எப்படிக் கழிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பாக்கியநாதன் முகம் சிவந்து தெருப் பக்கம் கையை நீட்டினார். "போ. இனி இந்தப் படியை மிதிக்காதே."

"எழுந்திரிங்கண்ணே" என்றாள் அவள்.

நல்லமுத்து மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவள் பின்னால் போனார். எதிரில் இருந்த கோப்பிக்கடையில் ரொட்டியும் பருப்பும் சொன்னாள். சாலைக்கு அப்பால் பாக்கியநாதன் வாசலில் நின்று இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பிழைச்சுட்டாங்க. என்கூடப் பேச மாட்டேங்கறாங்க."

நல்லமுத்து ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார். "அப்போ நான் நடக்கணுமா, வேணாமா?"

"அது உங்க இஷ்டம்ணே. இன்னொரு ரொட்டி சொல்லட்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டாச் சொல்லும்மா."