வலப்பக்கம் சாய்ந்த வண்டி

என் அக்கா தீப்தி மெக்சிகோவின் பழைய ஊர்களை மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டி, விழுந்தால் எங்கள் போனில் அலாரம் அடிக்கும் கருவி ஒன்றை என் கணவர் ராகவேந்திரன் கொடுத்தனுப்பியிருந்தார். அவருடைய கம்பெனி இன்னும் சோதித்துக்கொண்டிருக்கும் கருவி. சோதனைக்கு என் அக்காதான் கிடைத்தாள்.

கருங்கல் பாவிய தெருக்களை மனிதர் யோசிக்கவே இல்லை. குவானஹுவாட்டோவில் சும்மா அடித்தது. பாட்ஸ்குவாரோவிலும் அடித்தது. நேற்று டாஸ்கோவில் அடித்தபோது, அவள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரி வெரோனிக்காவைப் போனில் கூப்பிட்டு விரட்டினேன். அந்த அம்மாள் வீட்டுச் செருப்போடு மேடேறி ஓடியிருக்கிறார். அக்கா தேவாலய வாசலில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாளாம்.

இன்று அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. “மானத்த வாங்கிட்டடி. முதல்ல அந்த அலாரத்த ஆஃப் பண்ணு. நான் கெளம்புறேன்.”

இங்கே மாலை, அங்கே காலை.

“அவங்களே சொல்லிட்டாங்க, ஆஃப் பண்ணிடறேன்” என்று ராகவ் போனை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

“ஊரத் தாண்டட்டும். அப்புறம் பண்ணலாம்.”

“உனக்குப் பிடிவாதம், ஸ்வர்ணா.”

பிடிவாதம்தான். அந்தச் சண்டை முடிவதற்குள் என் கையிலேயே அலாரம் அடித்தது.

“கல்லுதான்” என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

“ஓட்டும்போது எப்படி எடுப்பாங்க?”

“ஓட்டலையே. வண்டி நிக்குது, பாருங்க.”

“காபி குடிக்க நிறுத்தியிருப்பாங்க. விழுந்திருந்தா படுத்த மாதிரி காட்டும். இது நிக்குது.”

திரையில் அவர் வரைந்த குட்டி வண்டிப் படம் லேசாகச் சாய்ந்து நின்றது. அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. இன்னொரு முறை வெரோனிக்காவிடம் அசிங்கப்பட எனக்கும் மனமில்லை. ஆனாலும் அந்தப் படத்தை விட்டுக் கண் நகரவில்லை. எதுவோ கோணலாக இருந்தது.

“ராகவ், இது பின்னாலேருந்து பார்க்கிற மாதிரிதானே?”

“ஆமா.”

“சைடு ஸ்டாண்டு எந்தப் பக்கம் இருக்கும்?”

“இடப்பக்கம்.” சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே எண். வெரோனிக்கா எடுத்ததுமே சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

“கற்கள்தான், பெண்ணே. உன் அக்கா நன்றாகத்தான் கிளம்பினாள்.”

“உங்கள் முற்றத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது?”

“இடப்பக்கம்.”

“இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உங்களுக்கு மேலே இரண்டாவது சந்தில்.”

சிரிப்பு நின்றது. யார் பெயரையோ சொல்லிக் கத்தினார். பிறகு இணைப்பைத் துண்டிக்காமலே ஓடினார். மூச்சிரைப்பு, ஒரு நாய், எங்கோ தேவாலய மணி. ராகவ் என் தோளைப் பிடித்தார். தட்டிவிட்டேன். அந்த நிமிடம் அவர்மேல் அப்படியொரு கோபம்.

போனில் பல குரல்கள் கேட்டன. திரையில் வண்டி மெல்ல நிமிர்ந்தது.

“தூக்குறாங்க” என்றார் ராகவ்.

வழுக்கிய வண்டி அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கியிருந்தது. கைப்பிடி விலாவில் அழுந்தியதில் கத்தவும் முடியவில்லை. அவள் போன் சரிவில் உருண்டு போயிருந்தது. காலில் எலும்பு முறிந்திருக்கும், ஆம்புலன்ஸ் வருகிறது என்றெல்லாம் வெரோனிக்கா சொல்லிவிட்டுப் போனை அவள் காதில் வைத்தார்.

“ஸ்வர்ணா.” மூச்சுதான் அதிகம் வந்தது. “ஆஃப் பண்ணச் சொன்னேன்ல. நீ பண்ணியிருப்பேன்னு நெனச்சுட்டே கெடந்தேன்டி.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நீ சொல்லி நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?” என்றேன்.