கனடா ஆணி

"ஸ்குரூ ட்ரைவரத் தா உதயன், அவள் உள்ள கிடந்து..."

"கிடக்கட்டும். என்னை வெளிய போ எண்டு சொன்ன வாய்தானே அது, இப்ப அவள் வெளிய வரட்டும் பாப்பம்..."

"அது அவள்ட சீதன வீடு. போறதெண்டா நீதான் போகோணும்."

"வீடு அவள்ட. கதவு ஆர் போட்ட?"

மங்கையற்கரசி தங்கையின் அறைக்கதவைப் பார்த்தாள். முதிரை மரக் கதவையும் நிலையையும் சேர்த்துக் குறுக்கே மூன்று இரும்புப் பட்டைகள். பட்டைகளை இறுக்கிப் பிடித்திருந்த திருகாணிகளின் தலையில் கோடும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நடுவில் சதுரக் குழி. தங்கையின் புருசன் உதயரூபன் கனடாவில் தச்சு வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது பெட்டி நிறையக் கொண்டுவந்தவை. அங்கே கடைக்குக் கடை இதுதானாம். செட்டிபாளையத்தில் அந்தக் குழிக்குப் பொருந்தும் திருப்புளி ஒன்றே ஒன்று. அது அவன் கையில் இருந்தது.

சந்தியில் ஓட்டோக்காரனிடம் வாங்கிவந்த நட்சத்திரத் திருப்புளி குழியைக் கவ்வாமல் சுழன்றது. தட்டைத் திருப்புளி துள்ளி மங்கையின் உள்ளங்கையைக் கிழித்தது.

"மட்டக்களப்பு முழுக்கத் தேடுங்க மச்சாள். களுவாஞ்சிக்குடிக் கடையில கேட்டா சிரிப்பானுகள்."

"அவள்ட மண்டை உடைஞ்சிரிக்குடா."

"சுவரில முட்டினா உடையாதா?"

"அவள் முட்டினாளா, நீ பிடிச்சு முட்டினியா?"

வேலிக்கு வெளியே அயலவர்கள் கூடி நின்றார்கள். "புருசன் பொஞ்சாதி சண்டை, பொலிசு வரட்டும்" என்றது ஒரு குரல். ஒருவரும் படலையைத் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து மேனுகாவின் குரல் கேட்டது. "அக்கா, கண்ணெல்லாம் ரத்தம். தலை சுத்துது. அவரக் கெஞ்சிக் கேட்டுப் பாரு அக்கா."

"கெஞ்சுங்க மச்சாள்" என்றான் உதயரூபன்.

மங்கை இரும்பு அலவாங்கை எடுத்துவந்து பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். மரம் சிராய்த்தது. பட்டை அசையவில்லை.

"வீடு விழுந்தாலும் அது விழாது. இந்தா, இதக் கிணத்துக்குள்ள போடுறன்."

அவன் முற்றத்துக் கிணற்றை நோக்கித் திரும்பினான். மங்கை ஓங்கிய அலவாங்கு அவன் முழங்காலில் விழுந்தது. சரிந்தவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து விழுத்தி, வாயில் குத்தினான். பல்லோடு இரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் கையூன்றி எழுந்தாள். கிடந்தபடியே அவன் திருப்புளியைக் கிணற்றுக்குள் எறியக் கை ஓங்கினான். மணிக்கட்டைப் பார்த்து அலவாங்கால் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் வேலிவரை கேட்டது. திருப்புளி மணலில் விழுந்தது.

"கைய முறிச்சுப் போட்டாள்... என்ட கைய முறிச்சுப் போட்டாள்..."

"மற்றக் கையும் வேணுமெண்டா எழும்பு."

சதுர முனை குழிக்குள் இறங்கி நின்றது. இரத்தத்தில் அவள் பிடிதான் வழுக்கியது, முனை வழுக்கவில்லை. சேலைத்தலைப்பைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினாள். கடைசிப் பட்டை சிமெந்துத் தரையில் விழுந்ததும் கதவைத் தள்ளித் திறந்தாள்.

மேனுகா நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இரத்தம் காய்ந்த தலைமயிர் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. முற்றத்தில் புரண்டு அனுங்குகிறவனை மற்றக் கண்ணால் பார்த்தாள்.

"நட புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

மேனுகா நடக்கவில்லை. அக்காவின் விரல்களை விரித்துத் திருப்புளியை எடுத்துக்கொண்டாள்.

"அவன உள்ள இழுத்து விடு அக்கா. ஆணிய நான் இறுக்கிறன்."