முப்பத்திரண்டா, அறுபத்துநாலா

அன்று காலை ரீத்தா எனக்குச் சொன்ன வேலை ஒன்றுதான். சூரை மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கை படாமல் போனை முழங்கையால் என் பக்கம் தள்ளினாள்.

"இடமில்லை, இடமில்லைன்னு வந்துகிட்டே இருக்கு பாருங்க. ஜெய்னுதீன் பாய் கடையில பெரிய மெமரி கார்டா வாங்கிட்டு வாங்க. இது மாதிரி ஸ்லோவா இருக்கக்கூடாது. கேட்டு வாங்குங்க."

எங்கள் மகள் சுபிதாவைக் கடல் தாண்டி ஹட் பேயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே சிக்னல் வரும், போகும். வீடியோ போய்ச் சேராது. அதனால் ரீத்தா தன் போனில் பேசிப் பதிவு செய்வாள். ஜெபம், பேத்திக்குப் பாட்டு, கருவாட்டுக் குழம்பு வைக்கும் விதம், எதிர்வீட்டுச் சண்டை, எல்லாம் இருக்கும். அதை ஒரு சின்னக் கார்டில் ஏற்றி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, கப்பலில், இங்கே சொல்கிறபடி ஜஹாஜில், போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். சுபிதா கேட்டு முடித்ததும் அதே கார்டில் பேத்தியின் வீடியோக்களை நிரப்பி அனுப்புவாள். ரீத்தா அவற்றையும் தன் போனுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கார்டில் போட்டுக்கொள்வாள். ஒன்றையும் அழிக்கமாட்டாள்.

ஜங்லிகாட் கடைவீதியில் ஜெய்னுதீனின் செல்போன் கடைக்கு நடந்தே போனேன். கண்ணாடிப் பெட்டிமேல் அவர் நாலு கார்டுகளை வைத்தார்.

"முப்பத்திரண்டா, அறுபத்துநாலா, நூத்தியிருபத்தெட்டா?"

அது மட்டும் என்றால் சொல்லியிருப்பேன். ஒன்றில் வட்டத்துக்குள் பத்து என்றிருந்தது. இன்னொன்றில் யூ எழுத்துக்குள் மூன்று. அதன் பக்கத்திலேயே வி முப்பது. அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பதையும் படிக்கிற ஆள் நான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழம்பியது.

"பெருசா இருந்தா வேகமா இருக்குமா பாய்?"

"ரெண்டும் வேற வேற அண்ணே. பெருசுங்கறது குடோன். இந்த வட்டம், யூ, வி எல்லாம் வேகம். அது குடோன் வாசல். குடோன் எவ்வளவு பெருசா இருந்தாலும் வாசல் சின்னதுன்னா லாரி வெளியிலதான் நிக்கும்."

"அப்ப பதிவு பண்ணி ஹட் பேக்கு அனுப்ப எது நல்லது?"

"எதை அனுப்புனாலும் ஜஹாஜ் அதே டைம்தான் எடுக்கும்" என்றார். உள்ளே இருந்த அவர் மனைவி சம்சாத் சிரித்துவிட்டார்.

அப்போது ரீத்தா கூப்பிட்டாள்.

"வாங்கியாச்சா?"

"பாத்துகிட்டு இருக்கேன்."

"கார்டு வாங்கப் போனீங்களா, சம்பந்தம் பேசப் போனீங்களா?"

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவள் பெயர் திரையில் வந்தது. என் ஒரு கையில் அறுபத்துநாலு, இன்னொரு கையில் நூற்றியிருபத்தெட்டு. எதுவென்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் கட் செய்தேன். திரும்ப வந்தது. திரும்பவும் கட் செய்தேன். மூன்றாம் தடவை எடுத்தபோது பேசியது பக்கத்து வீட்டு அங்கம்மா. ரீத்தா குழாயடியில் விழுந்து கிடக்கிறாள் என்றாள்.

மாலை நாலு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலையில் நரம்பு வெடித்திருக்கிறது, பத்து நிமிடம் முன்னே வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பத்து நிமிடத்துக்கு மதிப்பில்லை என்றால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஏன் ஓடினார்கள்? இது எனக்கு இன்னும் புரியவில்லை.

நாற்பதாம் நாள் பூசைக்குச் சுபிதா வந்திருந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டாள்.

"அப்பா, அம்மா பேசினதையெல்லாம் எனக்கு ஒரு கார்டுல போட்டுக் குடுங்க."

"உனக்குத்தான் எல்லாமே வந்துச்சே?"

"வந்த கார்டை அழிச்சுட்டுத்தானேப்பா பாப்பா வீடியோவை ஏத்தி அனுப்புவேன். போய் வர்ற கார்டு ஒண்ணுதானே இருந்துச்சு. என்கிட்ட எதுவுமே இல்லப்பா."

ரீத்தாவின் குரல் அவள் போனில் இருந்த அந்தப் பழைய கார்டில் மட்டும்தான் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ஜெய்னுதீன் அதே கண்ணாடிமேல் கார்டுகளை வைத்தார். இந்த முறை தயங்கக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"இருக்கறதுல ரொம்ப வேகமானதைக் குடுங்க பாய்."

"அவ்வளவு வேகம் புதுசா பதிவு பண்றவங்களுக்குத்தான் அண்ணே. இருக்கறதைக் காப்பி பண்ணி வைக்க சாதாரணமே போதும். அண்ணி இனிமே..."

நிறுத்திக்கொண்டு, சுத்தமாகவே இருந்த கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

பழைய கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பதினாறு ஜிபியில் பெரும்பகுதி பேத்தியின் வீடியோக்கள். ரீத்தா பேசியது மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் மேல். சரியாகப் பாருங்கள் என்றேன். மறுபடியும் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்குத் திரும்பவும் குழம்பியது. வாய் ஓயாமல் பேசுகிறாளே என்று நானே கடிந்திருக்கிறேன். அத்தனையும் இவ்வளவு சின்ன இடத்திலா?

"பதினாறே தாராளம். ஆனா இப்ப அது வர்றதில்ல. முப்பத்திரண்டு எடுத்துக்குங்க" என்றார்.

"நிறைய காலியா கிடக்குமே பாய்."

"கிடக்கட்டும் அண்ணே" என்று சம்சாத் தானே அட்டையைப் பிரித்துக் கொடுத்தார்.

ஏறி முடிக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் துறைமுகத்தில் தீப்பெட்டியைச் சுபிதா கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "பாப்பா வீடியோ எல்லாம் எங்ககிட்ட இருக்குப்பா. அதை அழிச்சுட்டீங்கன்னா போன் சும்மா சும்மா இடம் கேக்காது" என்றாள். சரி என்றேன்.

பழைய கார்டு ரீத்தாவின் போனுக்குள்ளேயே இருக்கிறது. தினமும் காலையில் போனுக்குச் சார்ஜ் போடுகிறேன். திரையைத் தொட்டதும், இடமில்லை என்று வருகிறது.