முதல் கண்

ஆய்வகத்தில் அவளைத் தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். லேசர் மேஜைக்குப் பத்தடி தூரத்தில் யாராவது தலையைச் சொறிந்தால் போதும், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். பெயர் வைத்தவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஒரு தூசி விழுந்தால் ஒரு கண்ணாடி பாழ், ஒரு கண்ணாடி பாழானால் ஒரு மாதம் பாழ் என்பது புரியாத ஜென்மங்கள் என்று விட்டுவிட்டாள்.

மேஜைமேல் இருந்தது ஆறு வருஷமாக அவள் கட்டிய மிஷின். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கண்ணாடிக்கும் மறுபாதியை ஆளின் கண்ணுக்குள்ளும் அனுப்பும். இரண்டும் திரும்பி வந்து சேரும்போது விழித்திரையின் படலங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விரியும். ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. தாடையை வைத்துக்கொண்டு எதிரே தெரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும்.

அந்த மிஷினுக்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். தினமும் காலை எட்டரைக்கு முதல் கண் அவளுடையது. "என் கண்ணுல விடாத வெளிச்சத்த அடுத்தவங்க கண்ணுல விடமாட்டேன்" என்பாள். அந்த முதல் படத்தை வைத்துத்தான் அன்றைக்கு மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று வருஷமாக அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. வம்பு வந்ததும் அங்கிருந்துதான்.

முதல் நாளிலிருந்தே அவள் படத்தில் ஓர் ஓரமாகச் சில மங்கல் திட்டுகள் தெரிந்தன. ஏதோ ஒரு கண்ணாடியின் வேலை என்று நினைத்து, அந்தத் திட்டுகளை, காலைச் சோதனைப் படம் தவிர மற்ற எல்லார் படத்திலிருந்தும் கழித்துவிடச் சொல்லிக் கணினியில் எழுதிவைத்திருந்தாள். இப்போது பக்கத்து ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் எழுபது நோயாளிகளின் படங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார்.

"எழுபது பேருக்கும் ஒரே இடத்துல வெள்ளைத் திட்டு. எல்லாரும் ஒரே மச்சத்தோட பொறந்தாங்களா? வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா இந்த ஆராய்ச்சியிலேர்ந்து மிஷினை எடுத்துடச் சொல்லிடுவேன்."

அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். கண்ணாடிகளை மாற்றினாள். லென்ஸை மாற்றினாள். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி வேறு ஒரு லேசரையே இரவல் வாங்கிவந்து பொருத்தினாள். மறுநாள் எட்டரைக்கு உட்கார்ந்தால், அதே திட்டுகள் அசையாமல் அதே இடத்தில் இருந்தன.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது நேர் எதிரே ஒரு உள்ளங்கை அகலம்தான் தெரியும். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தடவித்தான் எடுப்பார்.

"கோளாறு உன் கையிலதான்னுட்டாங்களா?"

"கிட்டத்தட்ட."

"சொல்லிட்டுப் போயிடுவாங்க. சுமக்கறவன்தான் சுமக்கணும்."

அவருக்குத் தெரியாதா என்ன. பஸ் ஓட்டினவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை ஆறரை மணிக்கு, வளைவில் வண்டியைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதினார். யாருக்கும் பெரிய காயமில்லை. "கம்பம் எனக்குத் தெரியலை" என்றார். இருட்டுகூட ஆகாத நேரத்தில் அவ்வளவு பெரிய கம்பம் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார்கள். கம்பெனி டாக்டர் அவரை ஊதச் சொல்லக்கூட இல்லை. 'மது அருந்தியிருந்தார்' என்று எழுதினார். வேலை போயிற்று. ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷனுக்கு ஊரெல்லாம் குடிகாரப் பட்டம். பார்வை மங்கியபோது, குடித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்றார்கள். அன்றிலிருந்து அவர் டாக்டர் வாசலை மிதித்ததில்லை, அந்தக் கம்பெனி பஸ்ஸிலும் ஏறியதில்லை. மகள் பத்துத் தடவை கூப்பிட்டாள். "ஒரு டாக்டர் எழுதினதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்றுவிட்டார். அவளும் மனசுக்குள் ஒரு ஓரத்தில், குடித்துத்தான் இருப்பாரோ என்று நினைத்ததுண்டு. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேலி அவ்வளவு.

வியாழக்கிழமை காலை, ஊருக்கே தூசியைப் பற்றிப் பாடம் எடுத்தவள் கண்ணில் தூசி விழுந்தது. இடது கண் சிவந்து நீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சோதிப்பது அந்தக் கண்ணைத்தான். வேறு வழியில்லாமல், மரபணுப் பிரிவிலிருந்து வந்திருந்த எச்சில் மேடத்தை உட்காரச் சொன்னாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் குழாயை நீட்டி மரபணுச் சோதனைக்கு எச்சில் கேட்பதால் அந்த அம்மாளுக்கு அந்தப் பெயர்.

"நாற்காலி பட்டாபிஷேகமா எனக்கு?" என்று சிரித்துக்கொண்டே மேடம் தாடையை வைத்தாள்.

படம் வந்தது. திட்டு இல்லை. தூசி மறுபடி எடுத்தாள், இல்லை. கண் டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர் கண்ணிலும் இல்லை. மிஷின் சுத்தமாக இருந்தது. மூன்று வருஷமாகச் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. திட்டு அவள் கண்ணில் இருந்தது. அதைத்தான் எழுபது பேர் படத்திலிருந்தும் கழித்து வெள்ளைத் திட்டாக்கியிருக்கிறாள்.

டாக்டர் அவளுடைய பழைய படங்களை வரிசையாகத் திறந்தார்.

"உங்க அப்பாவுக்குக் கண்ணு எப்படி?"

"ஏன் சார்?"

"ஒரு பரம்பரை நோய் இருக்கு. அப்பாவுக்கு இருந்தா மகனுக்கு வராது, எல்லா மகளுக்கும் அந்த ஜீன் போகும். மகளுக்குப் பெரும்பாலும் பார்வை போகாது, இந்த மாதிரி தடம் மட்டும் இருக்கும். இவ்வளவு லேசான தடத்த நான் எந்த மிஷின்லயும் பார்த்ததில்லை." படங்களை மூடிவிட்டு, "மிஷினை எடுக்கச் சொன்னது நான்தான். நாளைக்கு வேணாம்னு சொல்றதும் நானே" என்றார்.

"அப்பாவுக்கு முதல்ல எது தெரியாம போகும்?" என்று கேட்டாள். மங்கின வெளிச்சத்தில் இருப்பது, பக்கவாட்டில் இருப்பது என்றார் டாக்டர்.

அன்று மாலை எச்சில் குழாயோடு அப்பா முன்னால் போய் நின்றாள். டாக்டர் வேண்டாம், துப்பினால் போதும் என்றாள்.

"துப்பணுமா? முப்பது வருஷமா அந்தக் கம்பெனி மூஞ்சில துப்பச் சேத்து வெச்சிருக்கேன். குடு" என்று வாங்கிக்கொண்டார்.

அவள் எச்சிலும் சேர்ந்து மேடத்திடம் போயிற்று. ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. அப்பாவிடமும் மகளிடமும் அதே ஜீனில், அதே இடத்தில், அதே ஒரு எழுத்து மாறியிருந்தது. அவள் உரக்கப் படித்தாள். 'இந்த மாற்றம் உள்ள ஆண்கள் இளம் வயதிலேயே மாலை வெளிச்சத்தில் பார்வையை இழக்கத் தொடங்குகிறார்கள்' என்ற வரி வந்ததும் அப்பா கையை நீட்டி நிறுத்தினார்.

"திரும்பப் படி."

படித்தாள்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாம் தடவையும் படித்துவிட்டு அதை அவர் கையில் வைத்தாள். "அப்பா, நானும் பாதி சந்தேகப்பட்டேன்ப்பா."

"தெரியும். சின்னப் புள்ள, என்ன பண்ணுவே." அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட வரமாட்டேன். உன் மிஷின்கிட்ட வரேன்."

மறுநாள் எட்டரைக்கு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் கண் அவருடையது. அவர் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"பச்சைப் புள்ளி தெரியுதாப்பா?"

"ஜம்முனு தெரியுது."

திரையில் அவர் விழித்திரை விரிந்தது. ஓரமெல்லாம் தேய்ந்துபோய், நடுவில் மட்டும் ஒரு சின்னத் தீவு மிச்சமிருந்தது. முப்பது வருஷத்தின் சாட்சி அது.

வெளியே வந்ததும் அவள் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "அந்தக் கம்பெனி பஸ்லயே போவோம்."

ஏறியதும் நேராக டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி இரண்டு நிறுத்தம் போயிற்று. பிறகு முன்னால் குனிந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னார்.

"தம்பி, இதே ரூட்ல பன்னெண்டு வருஷம் ஓட்டினவன் நான். குடிச்சுட்டுக் கம்பத்துல விட்டவன்னு என்னைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பே. எனக்குக் கண்ணு தெரியலைப்பா, அவ்வளவுதான். இதோ உட்கார்ந்திருக்கா பாரு, என் பொண்ணு. இவ செஞ்ச மிஷின் கண்டுபிடிச்சுச்சு."